சத்திரத்தானின் பணி: வீடற்றோர் நலப்பணி ஒரு வாழ்க்கைத் தொழிலாக

முன்னுரை

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் போடப்பட்ட இருப்புப்பாதை 1862இல் போத்தனூரை வந்தடைந்தது. கோயமுத்தூர் நகருக்குள் இரயில் வந்தது அதற்குப் பின்னரே. இன்றும் பாலக்காடு, பொள்ளாச்சி, ஈரோடு, கோயமுத்தூர் ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் வரும் பாதைகள் இச்சந்திப்பில் கூடுகின்றன. இரவு பத்து மணிக்குமேல் இத்தகைய நிலையங்களில் இருவகை மக்களைக் காணலாம். வண்டிக்காகக் காத்திருப்போர் ஒருவகை. எந்த வண்டிக்காகவும் காத்திராதோர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரைக் குறித்தும், அவர்களுக்கெனத் தம் வாழ்நாளை ஒப்புக்கொடுக்கும் பணியாளரைக் குறித்துமே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இதை எழுத நம்மைத் தூண்டியது ஒரு தவறு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் திருப்பணியாற்றிய சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றபின், வீடற்றோர் காப்பகம் ஒன்றில் வேலைக்குச் சேர விரும்பினார். அவருடைய தாயார் கண்ணீரோடு நம்மிடம் வந்தார். “ஐயா, நீங்க சொன்னாத்தானுங்க அவன் கேப்பான். இவ்வளவு படிச்சுப்போட்டு, ரோட்டுல கெடக்கறவங்களுக்குக் காவல் இருக்கவாங்க போறது?” என்றார். நாம் அவ்விளைஞரை அழைத்து, வங்கித் தேர்வு எழுதும்படியும், ஓய்வு நேரத்தில் ஏழைகளுக்கு உதவும்படியும் அறிவுரை கூறினோம். அவரும் கீழ்ப்படிந்தார். அன்று அவ்வறிவுரை நமக்கு ஞானமாகத் தோன்றியது. இன்று அவ்வாறு தோன்றவில்லை. வீடற்றோருக்குச் செய்யும் பணி ஓய்வு நேரத்துத் தருமம் அன்று. கற்றுத் தேறவேண்டிய, ஊதியத்துக்குரிய, இறைவனின் அழைப்பாகவே ஏற்கத்தக்க ஒரு வாழ்க்கைத் தொழில் என்பதை நம் சபைகளும் ஆயர்களும் உணரவேண்டும். இதுவே நாம் இங்கு நிலைநாட்ட விரும்புவது.

1. வீடற்றோர் யார்?

இந்தியக் குடிமதிப்பு, கட்டடம் எதிலும் வாழாமல் சாலையோரம், நடைபாதை, பெருங்குழாய்கள், மேம்பாலத்தின் கீழ், மாடிப்படியின் கீழ், வழிபாட்டிடங்களின் திறந்தவெளி, மண்டபம், இரயில் நடைமேடை ஆகியவற்றில் வாழ்வோரை வீடற்றோர் என்று வரையறுக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் இத்தகையோர் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர். அவர்களில் நகர்ப்புறங்களில் இருந்தோர் 9.4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இது பெப்ரவரி 28ஆம் நாள் ஒரே இரவில் எடுக்கப்பட்ட கணக்கு. அன்றிரவு விளக்கு வெளிச்சத்துக்கு அஞ்சி ஒதுங்கியவரும், காவலருக்குப் பயந்து இடம் மாறியவரும் இதில் சேர்ந்திரார் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

வீடற்றோர் எல்லாரும் இரந்துண்போர் என்று எண்ணுவது பெரும்பிழை. கொங்கு நாட்டுச் சந்தைகளில் மூட்டை தூக்குவோர், கல்யாண மண்டபங்களில் பந்தி வேலை செய்வோர், உணவகங்களில் பாத்திரம் துலக்குவோர், கட்டட வேலைக்கு வந்தோர், பழைய இரும்பும் காகிதமும் பொறுக்குவோர் ஆகிய உழைப்பாளிகள் இவர்களுள் உண்டு. உழைக்கிறார்கள், ஆனால் லைன் வீடு ஒன்றுக்குரிய முன்பணத்தை ஒருசேரக் கொடுக்க அவர்களால் இயலவில்லை. மகன் வீட்டிலிருந்து வெளியேறிய முதியவர், மனநோயால் ஊரும் பேரும் மறந்தவர், குடியால் குடும்பத்தை இழந்தவர், கணவனின் அடிக்குத் தப்பி ஓடிவந்த பெண் ஆகியோரும் உண்டு. பெண்கள் தெருவில் கண்ணில் படுவது குறைவு; தங்களை மறைத்துக்கொள்வதே அவர்களுக்குரிய ஒரே பாதுகாப்பு. ஆகவே வீடின்மை என்பது ஒரே நோய் அன்று. பல காரணங்கள் வந்து முடியும் ஒரே வாசல் எனலாம். இப்பணிக்குப் பயிற்சி தேவை என்பதற்கு முதற்காரணம் இதுவே.

2. திருமறையில் சத்திரம்

லூக்கா நற்செய்தியில் ‘சத்திரம்’ என நாம் வாசிக்கும் இடங்கள் இரண்டு. மூலமொழியில் அவை வெவ்வேறு சொற்கள். கிறிஸ்து பிறந்தபோது இடமில்லாதிருந்த இடத்தைக் குறிக்கும் சொல் ‘கத்தாலுமா’ (லூக். 2:7). இதே சொல்லை நற்செய்தியாளர் ஆண்டவர் பஸ்காவைப் புசித்த விருந்தினர் அறைக்கும் வழங்குகிறார் (லூக். 22:11). நல்ல சமாரியன் உவமையில் வரும் சொல்லோ ‘பன்தொக்கேயொன்’ (லூக். 10:34). ‘எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம்’ என்பது அதன் சொற்பொருள். அதை நடத்துபவன் ‘பன்தொக்கெயூஸ்’, எல்லாரையும் ஏற்பவன். புதிய ஏற்பாட்டில் இவ்விரு சொற்களும் இவ்வுவமையில் மட்டுமே வருகின்றன.

இவ்வுவமையை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். ஆசாரியனையும் லேவியனையும் கண்டித்திருக்கிறோம், சமாரியனைப் போற்றியிருக்கிறோம். சத்திரத்தானைக் குறித்து எத்தனை முறை பேசினோம்? சமாரியன் காயம் கட்டினான், சுமந்து வந்தான், ஓர் இரவு பராமரித்தான். மறுநாள் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கட்டை அவிழ்த்துக் கட்டியவன், கஞ்சி கொடுத்தவன், அந்நோயாளியின் புலம்பலைக் கேட்டவன் சத்திரத்தானே. சமாரியனின் இரக்கம் பயனுள்ளதாக முடிந்தது, ஒப்படைக்க ஓர் இடமும் ஓர் ஆளும் இருந்தமையால்.

இங்கே மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. சத்திரத்தான் ஊதியம் பெறுகிறான். ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி எனத் திராட்சத்தோட்ட உவமையால் அறிகிறோம் (மத். 20:2). சமாரியன் கொடுத்தது இரண்டு நாள் கூலி. மேலும் செலவானால் திரும்பி வரும்போது கொடுப்பதாக வாக்களிக்கிறான். ஊதியம் பெற்றதனால் சத்திரத்தானின் பணி இரக்கம் அற்றதாகிவிடவில்லை. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்னும் கருத்து இதே அதிகாரத்தின் 7ஆம் வசனத்தில் ஆண்டவராலேயே கூறப்படுவதை மாணவர்கள் கவனித்தல் நலம்.

வீடற்றவரை வீட்டில் சேர்த்துக்கொள்வதே மெய்யான உபவாசம் என்று ஏசாயா உரைக்கிறார் (ஏசா. 58:7). மனுமகனுக்குத் தலைசாய்க்க இடமில்லை என்று ஆண்டவர் தம்மைக் குறித்தே கூறினார் (மத். 8:20). அப்போஸ்தலர் காலத்துச் சபை, பந்தி விசாரணையை யார் வேண்டுமாயினும் செய்யலாம் என்று விட்டுவிடவில்லை, நற்சாட்சியும் ஞானமும் உள்ள எழுவரைத் தெரிந்தெடுத்துக் கைகளை வைத்து ஏற்படுத்தியது (அப். 6:1-6). ஏழைகளுக்கான பணிக்கும் தகுதி பார்த்தல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

3. தொழிலாக உருவான வரலாறு

நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியு, நகருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெரியதோர் இல்லத்தை அமைத்தார். தமிழகத்திலும் அன்னசத்திரம், சாவடி, மடம் என்னும் மரபு தொன்மையானது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களை இன்றும் காணலாம். நம் பாட்டனார் காலத்து வீடுகளில் தெருத் திண்ணை வழிப்போக்கனுக்கென்றே இருந்தது. 

இப்பணி முறையான தொழிலாக உருப்பெற்றது தொழிற்புரட்சிக்குப் பின்னரே. 1865இல் இலண்டனில் ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையார், ஜான் ரஸ்கின் கொடுத்த முதலீட்டைக்கொண்டு ஏழைகள் வாழ்ந்த சில பாழடைந்த வீடுகளை ஏற்று நடத்தத் தொடங்கினார். அவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள் வாரந்தோறும் வாடகை வாங்க நேரில் சென்றனர். வாடகை வாங்கும் அந்தச் சில நிமிடங்களில் கூரை ஒழுகுகிறதா, வேலை இருக்கிறதா, குழந்தை நலமா என்பதையும் கேட்டறிந்தனர். இன்று மேல்நாடுகளில் வீட்டுவசதி நிர்வாகம் எனப் பட்டயமும் சங்கமும் கொண்ட தொழிலுக்கு மூலவித்து இதுவே. 1888இல் இரட்சணிய சேனையின் வில்லியம் பூத் இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் வீடற்றோருக்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் விடுதியைத் திறந்தார்.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்விக்கு அடித்தளமிட்டவரும் ஓர் அருட்பணியாளரே என்பது நம் மாணவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். பம்பாய் நாக்பாடாவில் தொழிலாளர் குடியிருப்புகளிடையே பணியாற்றிய அமெரிக்க மிஷனெரி கிளிஃபர்டு மான்ஷார்ட், நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் எனக் கண்டார். அவர் முயற்சியால் 1936இல் தொடங்கப்பட்ட பள்ளியே இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப்படுகிறது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது.

நம் காலத்துக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, சென்னையில் உள்ள தி பேனியன் நிறுவனம். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களின் நிலைகண்டு 1993இல் இதைத் தொடங்கினர். தொடக்கத்தில் மீட்பதும் மருத்துவம் செய்வதும் குடும்பத்தோடு சேர்ப்பதுமே நோக்கமாயிருந்தன. ஆனால் திரும்பிச் செல்லக் குடும்பமே இல்லாதவர்கள் விடுதியிலேயே ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. 2015இல் அவர்கள் ‘ஹோம் அகெய்ன்’ என்னும் முறையைத் தொடங்கினர். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. அதில் நான்கைந்து பெண்கள் ஒரு குடும்பம்போல் வாழ்கின்றனர். சமைப்பது, கடைக்குப் போவது, வேலைக்குப் போவது அவர்கள் விருப்பம். உடன் துணைநிற்கப் பயிற்சி பெற்ற உதவியாளர் உண்டு.

இது உலகளாவிய ஒரு மாற்றத்தின் பகுதியே. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்பவர், குடியை விட்டால் வீடு, மருந்து உண்டால் வீடு என்னும் நிபந்தனைகளை நீக்கி, முதலில் வீட்டைக் கொடுத்துப் பின்னர் மற்ற உதவிகளைச் செய்யத் தொடங்கினார். பின்லாந்து 2008முதல் இதனை நாட்டின் கொள்கையாகவே ஏற்றது. பெருங்கூடங்களாக இருந்த விடுதிகள் தனித்தனி வீடுகளாக மாற்றப்பட்டன. கிருபையின் இறையியலைக் கற்பிப்போருக்கு இது அந்நியமாகத் தோன்றலாகாது. தகுதி பெற்றபின் ஏற்றுக்கொள்ளப்படுவதன்று, ஏற்றுக்கொள்ளப்பட்டபின் புதிதாவதே சுவிசேஷம் என்று நாம் போதிக்கிறோம் அல்லவா?

4. பணியின் இயல்பு

இனி, இத்தொழிலில் ஒருவர் அன்றாடம் செய்வது யாது என்பதை விளக்குவோம்.

(அ) இரவுச் சந்திப்பு: பணி தெருவில் தொடங்குகிறது. இரவு பத்து மணிக்குப்பின் ஒரே பகுதிக்கு, ஒரே ஆட்கள், மீண்டும் மீண்டும் செல்லவேண்டும். முதல் நாள் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். பத்தாம் நாள் ஒருவேளை தேநீரை ஏற்பார்கள். நம்பிக்கை பிறந்தபின்னரே காப்பகத்தைப் பற்றிப் பேசலாம்.

இப்பொறுமை நம்மிடம் இல்லாதிருந்ததற்குச் சான்று ஒன்று கூறுவோம். நம் ஆலய முகப்பில் முதியவர் ஒருவர் படுத்து வந்தார். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, அவர் நலனுக்காகவே என்று எண்ணி, ஓர் இல்லத்துக்குச் சொல்லியனுப்பி வண்டி வரவழைத்தோம். அவர் மறுத்தும் ஏற்றி அனுப்பினோம். பன்னிரண்டு நாட்களுக்குப்பின் நடந்தே திரும்பி வந்தார். வந்ததும் அவர் தேடியது ஆலயச் சுவரோரம் வைத்திருந்த தம் சாக்குப்பையை. ஆலயத்தைத் தூய்மை செய்தவர்கள் அதைக் குப்பையோடு எரித்துவிட்டிருந்தனர். அதில் அவருடைய குடும்ப அட்டையும், இறந்துபோன மனைவியின் புகைப்படமும் இருந்தன. அவர் நம்மைத் திட்டவில்லை. முகப்பை விட்டுப் போய்விட்டார். பிறகு நாம் அவரைக் காணவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் முதலில் அந்தச் சாக்குப்பையைக் குறித்தே கேட்டிருப்பார்.

(ஆ) சேர்க்கையும் காப்பக வாழ்வும்: காப்பகத்துக்கு வருபவரின் பெயர், ஊர், உடல்நிலை ஆகியவற்றைப் பதிவு செய்தல், பொருள்களைப் பூட்டிவைக்க இடம் தருதல், சண்டைகளைத் தீர்த்தல், இரவில் வலிப்பு வந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல், ஒருவர் கூறிய இரகசியத்தை மற்றவரிடம் கூறாதிருத்தல் ஆகியவை பணியாளரின் பொறுப்பு. விசாரணை செய்யும் காவலரைப்போல் அன்றி, விருந்தினரை ஏற்கும் வீட்டாரைப்போல் கேள்வி கேட்பது ஒரு கலை.

(இ) ஆவணங்கள்: வீடற்றவரின் துன்பம் பெரிதும் காகிதத்தில் இருக்கிறது. முகவரி இல்லையேல் குடும்ப அட்டை இல்லை. குடும்ப அட்டை இல்லையேல் மருத்துவக் காப்பீடு பெறுதல் கடினம். சான்றுகள் இல்லையேல் முதியோர் உதவித்தொகையும் இல்லை. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றைக்கொண்டு ஆதார் பெற வழியுண்டு. தேர்தல் ஆணைய நெறிமுறையின்படி, வீடற்றவர் வாக்காளராகப் பதிவு செய்ய முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒருமுறைக்கு மேல் சென்று, அவர் குறிப்பிட்ட இடத்திலேயே உறங்குகிறார் என உறுதி செய்தால் போதும். நடைபாதையில் படுத்திருப்பவரும் இந்நாட்டின் குடிமகன் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் ஏது? ஆனால் இவ்விதியை அறிந்து உரியவரிடம் எடுத்துக்கூற ஒருவர் வேண்டும்.

(ஈ) உடல்நலமும் மனநலமும்: காசநோய், ஆறாப் புண், சர்க்கரை நோய், குடிப்பழக்கம், மனச்சிதைவு ஆகியவற்றை இனங்கண்டு உரிய மருத்துவமனையோடு இணைப்பது பணியாளரின் கடமை. தாமே மருத்துவராகவோ, பிசாசு ஓட்டுபவராகவோ நடந்துகொள்ளக் கூடாது. மனநோயுற்றவரைச் செபத்தால் மட்டும் குணமாக்க முயன்று மருந்தை நிறுத்தச் செய்வது பெருந்தீங்கு.

(உ) வீட்டில் நிலைநிறுத்துதல்: காப்பகம் முடிவு அன்று, இடைவழி. குடும்பத்தோடு சேர்க்க இயலுமாயின், முதலில் அக்குடும்பத்தைக் கண்டு பேசவேண்டும். அடித்துத் துரத்திய வீட்டுக்கே பெண்ணைத் திருப்பியனுப்புதல் சேவை ஆகாது. தனியே வாடகைக்கு வீடு பார்ப்பதாயின், வீட்டுக்காரரோடு பேசி ஒப்பந்தம் எழுதவேண்டும். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. குடியேறியபின்னரும் முதல் ஆறு மாதங்கள் வாரந்தோறும் சென்று பார்த்தல் வேண்டும். தெருவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு நான்கு சுவர்களுக்குள் தனியே உறங்குவது அச்சம் தரலாம்.

இதே துணை, மறுகுடியமர்த்தப்பட்டோருக்கும் தேவை. கோயமுத்தூரின் குளக்கரைகளில் வாழ்ந்தோருக்கு, 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாற்றம் பெற்ற தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், போத்தனூரை அடுத்த வெள்ளலூரிலும், மலுமிச்சம்பட்டி, கீரணத்தம் முதலிய இடங்களிலும் அடுக்குமாடி வீடுகள் கட்டியுள்ளது. வீடு கிடைத்தது, ஆனால் வீட்டுவேலைக்குச் சென்ற தாய்க்கு வேலையிடம் தொலைவாயிற்று, பிள்ளைக்குப் பள்ளி மாறிற்று, நேற்றுவரை அண்டை வீட்டார் செய்த உதவி அறுந்தது. சாவியைக் கொடுப்பதோடு பணி முடிவதில்லை என்பதை இக்குடியிருப்புகள் கற்பிக்கின்றன.

5. சட்டமும் திட்டமும்

இப்பணியாளர் சட்டம் அறிந்திருத்தல் இன்றியமையாதது. 1961இல் சேலத்திலிருந்து வறட்சியால் வேலையிழந்து பம்பாய் சென்ற நிலமற்ற தொழிலாளி ஒருவர், நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் கூரையின்கீழ் மனைவி மக்களோடு வாழ்ந்தார். 1981 ஜூலையில் மாநகராட்சி அக்குடிசையை இடித்து, குடும்பத்தைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பியது. மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்கினர். அவரோ வேலை தேடி அதே பம்பாயின் நடைபாதைக்குத் திரும்பினார். இவரும் ஒரு மனுதாரராக இருந்த வழக்கே ஓல்கா டெல்லிஸ் வழக்கு. 1985இல் உச்சநீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என இதில் தீர்ப்பளித்தது; எனினும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அது ஏற்கவில்லை. வண்டியில் ஏற்றி அனுப்புவதால் வீடின்மை தீராது என்பதை நம் கொங்கு மண்ணை அடுத்த சேலத்துக்காரர் ஒருவரின் வாழ்வே காட்டிற்று.

மனிதரைச் சரக்காகக் கருதி வண்டியில் ஏற்றும் செயலின் கொடுமுடியைப் போத்தனூர் அறியும். 1921 நவம்பரில் மலபாரின் திரூரிலிருந்து கைதிகளை அடைத்து வந்த சரக்குப்பெட்டி இங்குத் திறக்கப்பட்டபோது, அவர்களுள் பலர் மூச்சுத்திணறி இறந்துகிடந்தனர். அது வேறு காலம், வேறு காரணம். ஆயினும் ஒருவருடைய விருப்பத்தைக் கேளாமல் அவரை ‘அப்புறப்படுத்தும்’ மனப்பான்மை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை இவ்வூரார் மறத்தல் ஆகாது. நம் ஆலய முகப்பிலிருந்து வண்டி ஏற்றப்பட்ட முதியவரையும் அதனாலேயே நினைக்கிறோம்.

2001இல் தொடுக்கப்பட்ட உணவுரிமை வழக்கில், 2010இல் உச்சநீதிமன்றம் நகரங்களில் ஆண்டு முழுவதும் இயங்கும் காப்பகங்களை அமைக்குமாறு பணித்தது. அதன்பின், 2013இல் வகுக்கப்பட்ட நகர்ப்புற வீடற்றோர் உறைவிடத் திட்டம், ஓர் இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் அளவில் காப்பகம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஒரு மேலாளர், எட்டு மணி நேர முறையில் மூன்று பராமரிப்பாளர் எனக் கூறியது. இக்கணக்கைக் கோயமுத்தூருக்குப் பொருத்திப் பார்ப்போம். 2011இன் விரிவாக்கத்துக்குப்பின் மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 16 இலட்சம். அதன்படி 1,600 பேருக்கு இடமும், நூறு பேருக்கு ஒரு காப்பகம் எனக்கொண்டாலும் 64 முழுநேரப் பணியாளரும் வேண்டும். இது ஒரு நகருக்கு, பழைய கணக்கின்படி, குறைந்த அளவு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தெருவில் திரியும் மனநோயாளியைக் காவலர் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவமனையில் சேர்க்கக் கட்டளையிடுகிறது. காவல்நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கலாகாது என்கிறது. 1945ஆம் ஆண்டின் இரத்தல் தடுப்புச் சட்டமோ இரத்தலைக் குற்றமாகக் கருதும் மனப்பான்மையில் பிறந்தது. தில்லியில் நடைமுறையில் இருந்த இத்தகைய சட்டத்தின் பல பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கியது. இவ்விரு போக்குகளுள் எது நடைமுறையில் வெல்லும் என்பது பெரும்பாலும் களத்தில் நிற்கும் பணியாளரைப் பொறுத்தது.

6. பயிற்சியும் ஊதியமும்

இத்தொழிலுக்குள் நுழைய மூன்று வாசல்கள் உள்ளன. முதலாவது, சமூகப்பணியில் இளங்கலை அல்லது முதுகலைப் பட்டம். கோயமுத்தூரில் பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியில் முதுகலைச் சமூகப்பணி கற்பிக்கப்படுகிறது. வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்கு இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழியில் இப்பட்டங்களை அளிக்கிறது. இரண்டாவது, செவிலியம், உளவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்று இத்துறைக்கு வருதல். மூன்றாவது, பட்டம் இன்றியே பராமரிப்பாளராகச் சேர்ந்து, வேலையிலேயே கற்று மேலாளராக உயர்தல். தெருவில் வாழ்ந்து மீண்டவர்கள் இவ்வழியே வந்து மிகச்சிறந்த பணியாளர் ஆவதுண்டு. புத்தகத்தில் இல்லாத அறிவு அவர்களிடம் இருக்கிறது.

பணிக்கு வருவோரிடம் மறைக்கக்கூடாத உண்மைகளும் உள்ளன. ஊதியம் குறைவு, பெரும்பாலும் தொகுப்பூதியமே. மானியம் தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். இரவுப்பணியும், வசைச்சொல்லும், சில வேளை அடியும் உண்டு. அன்போடு பராமரித்தவர் ஒருநாள் சொல்லாமல் போய்விடுவார். வேறொருவர் நம் கையிலேயே இறப்பார். ஓய்வும், துயரைப் பகிர்ந்துகொள்ள மூத்த வழிகாட்டியும் இல்லாத பணியாளர் இரண்டொரு ஆண்டில் உள்ளம் வறண்டுபோவார். ஆயினும் வளர்ச்சிக்கு வழியுண்டு: பராமரிப்பாளர், களப்பணியாளர், காப்பக மேலாளர், நகரத் திட்ட ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர் எனப் படிகள் இருக்கின்றன. நாம் நம் இளைஞரைத் தடுத்தது இக்குறைபாடுகளைக் காட்டி. அவற்றைக் களைய நாம் ஏதும் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

7. சபைக்கும் ஆயருக்கும் உரிய கடமை

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே குளிர்காற்றும் சாரலும் கோயமுத்தூரில் வீசும். அப்போது நாம் யாருக்கும் போர்வை கொடுப்பதில்லை. டிசம்பரில் நான்கு சபையார் நான்கு நாட்களில் ஒரே முதியவருக்கு நான்கு போர்வை கொடுக்கிறோம். அவருக்கு அவற்றை வைக்க இடமில்லை, மூன்றை விற்றுவிடுகிறார், நாம் அவரைக் குறை கூறுகிறோம். இந்நிலை மாறச் சில கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, சபையின் தரும நிதியில் ஒரு பகுதியைப் பொருளாக அன்றிப் பணியாளரின் ஊதியமாகக் கொடுக்கலாம். ஒரு பெரிய சபையோ, சில சிறிய சபைகள் இணைந்தோ, அருகிலுள்ள காப்பகத்தில் ஓர் இரவுப் பராமரிப்பாளரின் சம்பளத்தை ஏற்கலாம். சமாரியனின் இரண்டு பணம் இதுவே.

இரண்டாவது, சபையாரில் லைன் வீடுகளை வாடகைக்கு விடுவோர் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் ஒரே ஒரு வீட்டை, முன்பணம் குறைத்து, காப்பகத்தின் பரிந்துரையின்பேரில் கொடுப்பாராயின், அது ஒரு பிரசங்கத்தினும் மேலானது.

மூன்றாவது, இறையியல் மாணவர் தம் களப்பயிற்சியில் ஒரு பகுதியையாவது காப்பகத்தில் இரவுப்பணியாகச் செய்தல் நலம். போதிக்க அன்று, பதிவேடு எழுதவும் பாத்திரம் கழுவவும்.

நான்காவது, உணவையும் உறைவிடத்தையும் மதமாற்றத்துக்கு நிபந்தனையாக்கும் எண்ணம் நம்மிடம் அணுவளவும் இருத்தல் ஆகாது. எல்லாரையும் ஏற்பதே சத்திரத்தின் பெயர். அடிபட்டுக் கிடந்தவன் எக்குலத்தான் என்று சத்திரத்தான் கேட்டதாக உவமை கூறவில்லை.

ஐந்தாவது, ஆலோசனை கேட்டு வரும் இளைஞரிடம் மருத்துவத்தையும் ஆசிரியப்பணியையும் அழைப்பு என்று கூறுவதுபோல், இப்பணியையும் அழைப்பு என்று கூறவேண்டும். இதில் சேர்வோருக்காகச் சபையில் பகிரங்கமாக மன்றாட வேண்டும்.

முடிவுரை

நாம் தடுத்த இளைஞர் இன்று வங்கி ஒன்றில் நல்ல நிலையில் இருக்கிறார். நம்மீது அவருக்குக் கோபம் இல்லை. சென்ற ஆண்டு ஒருநாள் நம்மைக் காண வந்தவர், தம் மகள் பிளஸ் டூ முடிக்கப்போவதாகவும், சமூகப்பணி படிக்க விரும்புவதாகவும் கூறினார். “நான் வேண்டாமுன்னு சொல்லலீங்க ஐயா. நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டுப் போகலாமுன்னு வந்தேன்” என்றார்.

இம்முறை நாம் அவசரப்படவில்லை. ஊதியம் குறைவு என்பதையும், இரவுப்பணி உண்டு என்பதையும், உள்ளம் சோரும் காலம் வரும் என்பதையும் மறைக்காமல் கூறினோம். பின்னர், அவளைப் படிக்க வைக்கும்படி கூறினோம். அவள் படித்து முடித்து வருகையில் அவளுக்கு நியாயமான ஊதியம் கொடுக்கக்கூடிய சபையாக நாம் இருப்போமா என்னும் கேள்விக்கு மட்டும் அவரிடம் நம்மால் விடை கூற முடியவில்லை. அவ்விடை ஆயர் ஒருவர் மட்டும் கூறத்தக்கதன்று. நம் சபைகள் கூடிக் கூறவேண்டியது. அடிபட்டவனைச் சத்திரத்தானிடம் ஒப்படைத்துச் சென்றவன் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வரும்போது சத்திரம் திறந்திருக்க வேண்டும்.